செவலையும் ஐந்தாவது கையும்

“…அதுக்குப் போயி எதுக்கு சார் இவ்வளவு ரோசன? இந்தா, பச்சப் பிள்ளை நிக்கால்லா, அவகிட்டக் கேளுங்க. பிள்ளை பொய் சொல்லாது” என்றாள் அத்தை.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் எங்கள் சந்து முனைக் குழாயடியில், மழைக்குக் கட்டிய தாட்பத்திரி என்கிற தார்ப்பாய்க்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஆபீசரும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் விரல் ஒரு போட்டோவின் மேல் இருந்தது. அப்பாவின் கை என் பிடரியில் இருந்தது.

அதற்கடுத்து அத்தை செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நம் வயதுக்காரர்கள்தானே நீங்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்வீர்கள். மூட்டுவலிக்காரி மாடியேறுகிற மாதிரி நின்று நின்றுதான் வருவேன்.

கிளப்பிவிட்டது என் மகள். வாஷியில் எங்கள் கட்டிடத்து வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். அதை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டுவந்து காட்டினாள். கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தாள். நாயின் மூக்கு ஈரமும் மீசை மயிரும் ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. அதற்குப் பின்னால் எல்லாம் பாலில் கரைத்த மாதிரி கலங்கல். அந்தக் கலங்கலுக்குள் ஒரு உருவம் குனிந்திருந்தது.

“பின்னால யாருட்டி அது?”

“பெருக்குற பாய்ம்மா, அந்த வேலைக்காரம்மா. அவங்க குறுக்க வந்தாங்கன்னுதான் பேக்கிரவுண்டையே கலைச்சு விட்டேன். இப்ப நாய் மட்டும் தெரியுது பாரு, எவ்வளவு சுத்தமா!”

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த அட்டையை எடுத்து வந்து கொடுத்தேன். எங்கள் பழைய போட்டோ பாஸ். தாராவியில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: குடிசை குடிசையாக ஆள் வந்து, குடும்பத்தை வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்து, அதை ஒட்டிக் கொடுத்த அட்டை. ‘இந்தக் கோலி இவர்களுடையது, இவர்கள் இங்கே இருக்கிறார்கள்’ என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி. கோலி என்றால் தாராவிப் பாஷையில் அறை. எங்களுக்கு அதுவே வீடு.

மகள் வாயைப் பிளந்தாள். “அம்மா, உங்க காலத்துலயே இப்படி எடுத்திருக்காங்களா! செம போட்டோ. இந்த நாய் கண்ணைப் பாரேன்!” பிறகு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள்: “இந்தக் கை யாருதும்மா?”

ஆபீசர் கேட்ட அதே கேள்வி. எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது. “தெரியலயே” என்று சொல்லிவிட்டுக் குக்கரை நிறுத்தப் போனேன். குக்கர் இன்னும் விசிலே அடிக்கவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கச்சி. அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா அங்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அந்த வருஷம் மழைக்கு முந்திய புழுக்கத்தில், ஒரு மத்தியானம், அத்தை தகரப் பெட்டியோடு எங்கள் கோலி வாசலில் வந்து நின்றாள். மாமா இன்னொருத்தியைக் கூட்டி வந்து வீட்டில் வைத்துவிட்டார். அப்பா இரண்டு தடவை அம்பர்நாத் போய்ப் பேசிவிட்டு வந்தார். “மாப்பிள்ளைக்குப் புத்தி வரும். கொஞ்சம் பொறு” என்பார். சந்தில் யார் கேட்டாலும், “தங்கச்சி ரெண்டு நாளைக்கு இருந்துட்டுப் போவலாம்னு வந்திருக்கா” என்பார். அந்த இரண்டு நாள் மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தது.

அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. “விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாவ. நான் மூணு மாசமா ரெண்டையும் சேத்துத் தின்னுக்கிட்டு இருக்கேன்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள். அம்மா கெட்டவள் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஆள் கூடினால் மூச்சு விடுகிற காற்றையும் பங்கு போட வேண்டும், அவ்வளவுதான்.

என் பங்கில் குறைந்தது மாளா. கோலிக்குள் தலைக்கு மேலே பலகை அடித்த பரணுக்கு எங்கள் பக்கம் மாளா என்று பேர். அது என் ராஜ்யம். அங்கே என் உடைந்த ஸ்லேட்டு, சிகரெட் பெட்டி அட்டைகள், கண்ணாடி வளையல் துண்டுகளைப் போட்டு வைத்த மாவு டப்பா எல்லாம் இருந்தன. அத்தை வந்த அன்றே அம்மா என்னை இறக்கிக் கீழே தம்பிப் பயல் பக்கத்தில் போட்டாள். தம்பிக்கு ஒரு வயது. ராத்திரியெல்லாம் பாயை நனைப்பான். மேலே அத்தை புரள்வது கேட்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மற்றபடி எனக்கு அத்தையைப் பிடிக்கும். இப்படி இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும் என்று பிள்ளைகளுக்குத்தான் தெரியும். பெரியவர்களானதும் நாம் அதை ஒத்துக்கொள்வதில்லை. அத்தை பர்ஸ் செய்கிற இடத்திலிருந்து தோல் வார் கட்டுக்கட்டாக வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து ‘சொல்யூஷன்’ தடவி ஒட்டுவாள். அந்தப் பசையின் வாசம் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். சாயங்காலம் அவள் விரல் நுனிகளில் பசை காய்ந்து வெங்காயச் சருகு மாதிரி நிற்கும். அதை வலிக்காமல் உரித்தெடுப்பது என் வேலை. அவள் வலது புறங்கையில், மணிக்கட்டை ஒட்டி, பச்சை குத்திய தேள் ஒன்று இருந்தது. “தேளு எதுக்கு அத்த?” என்றால், “தேளு கொட்டாம இருக்கதுக்கு. தேளைக் கண்டா தேளு ஒதுங்கிப் போவும். மனுசனுக்குத்தான் என்னத்தக் குத்தணும்னு தெரியல” என்பாள்.

அந்த வாசலில் அவளுக்குத் துணை செவலை. சந்து நாய். நல்ல செங்கல் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அதற்கு உலகத்திலேயே பிரியமானவர் அப்பாதான். பாசமெல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் உப்புப் போட்ட தோல் இறக்குகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை அவர் மேல் இருக்கும். அப்பா எங்கே நின்றாலும் செவலை முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். “எங்கண்ணனுக்குக் கூட்டம் கூடுது பாரு” என்பாள் அத்தை.

போட்டோ எடுக்க வருகிறார்கள் என்ற செய்தி மழையோடு வந்தது. சந்தே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆள் ஆளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். போட்டோவில் நின்றவன்தான் மனுஷன், நிற்காதவன் ஆவி என்றார் ஒருவர். ஊருக்குப் போனவர்களுக்குத் தந்தி பறந்தது.

அந்த வாரம் ஒரு நாள் நான் காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்தேன். அத்தை குழாயடியில் இருந்தாள். தூங்குகிறேன் என்று நினைத்து அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டார்கள்.

“ஒங்க தங்கச்சியவும் நிக்க வைக்கணுமா?” என்று கேட்டாள் அம்மா.

“வேண்டாம்.”

அப்பா அத்தனை சுருக்காகச் சொல்வார் என்று அம்மாவே எதிர்பார்க்கவில்லை போல. “என்னத்துக்கு?” என்றாள்.

“அவ பேர இங்கன எழுதினா, எந் தங்கச்சி வாழாவெட்டின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரில்லா? நாளைக்கு அம்பர்நாத்துல போயி எந்த மூஞ்சிய வச்சுப் பேச? ‘அதான் ஒம் வீட்டுக் கணக்குல சேத்துட்டியே, நீயே வச்சுக்கோ’ம்பான் அவன்.”

“அங்க அவ பேரு இருக்கா?”

“தாலி கட்டினவன் வீட்டுல பேரு இல்லாம எங்க போவும்?”

அம்மா அரிசியைச் சட்டியில் அளந்து போட்டாள். பிறகு, “என்னமோ. பேரு ரெண்டு எடத்துல இருந்தாத் தப்பில்ல. ஒரு எடத்துலயும் இல்லாமப் போயிறக் கூடாது” என்றாள். என் அம்மா சொன்னதிலேயே புத்தியான வார்த்தை அது. சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அப்பா கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கச்சி திரும்பிப் போய் வாழ்வாள் என்று நிஜமாகவே நம்பினார். ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு தானாகத் திறக்கும் என்று நினைத்தார். தங்கச்சியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் இருப்பதையே மறைத்தார். அம்பர்நாத் ரேஷன் கார்டில் அதற்குள் வேறொருத்தியின் பேர் ஏறியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அத்தைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. போட்டோக்காரர் வந்த அன்று காலையிலேயே குளித்து, பெட்டியிலிருந்து நீலச் சேலையை எடுத்துக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, எனக்கும் இரட்டைச் சடை பின்னிவிட்டாள். “போட்டோவுல சடை முன்னால கெடக்கணும், என்ன? பின்னால கெடந்தா மொட்டச்சின்னு எழுதிருவாவ.”

சந்தின் அகலம் நாலடி. மேலே ரெண்டு பக்கமும் தாட்பத்திரி. பகல் பத்து மணிக்கே உள்ளே சாயங்காலம் மாதிரி இருக்கும். போட்டோக்காரர் மராத்திக்காரர், மெலிந்த மனிதர். எதிர் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக் குந்தியும் எங்கள் நாலு பேரும் முழுசாக அடங்கவில்லை. “உஜாலா நஹி ஹை” என்று முனகிக்கொண்டே லென்ஸைத் திருகினார். வெளிச்சம் இல்லாத இடத்தில் லென்ஸை அகலத் திறக்க வேண்டும், அகலத் திறந்தால் ஏதோ ஒரு தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும், முன்னும் பின்னும் கலங்கிப்போகும். இது மகள் இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா நின்றார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் நடுவில். அத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முந்தானையைச் சரி செய்தாள். அப்போது செவலை வந்தது, அப்பாவின் வாடைக்கு.

அப்பாவுக்கு வழி கிடைத்துவிட்டது.

“ஏட்டி, நீ அந்த நாயைப் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டுப் போயி நில்லு. சவம், குறுக்க குறுக்க வருது.”

“நா பிடிச்சா, போட்டோவுக்கு?”

“மொதல்ல நாயப் பிடி.”

அத்தை அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குப் புரிந்த நொடி எனக்கும் தெரிந்தது. ஏனென்றால் அவள் சிரித்தாள். “நாய் பிடிக்கவாண்ணே பவுடரு போட்டேன்?” என்றாள். செவலையின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சுவரோரம் போட்டோக்காரருக்குப் பக்கத்தில் நின்றாள்.

போட்டோக்காரர் எங்களை ஒருமுறை குறிபார்த்துவிட்டு, ஃபிலிமைச் சுருட்ட முகத்தைத் திருப்பியபோது விரல் பட்டு லென்ஸின் குறிதூரம் மாறியிருக்க வேண்டும். அவர் மறுபடி கண்ணை வைத்து “ரெடி” என்றதும், செவலை ஒரு திமிறு திமிறி அவருக்கும் எங்களுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. அத்தை விடவில்லை. ஓரத்திலிருந்து எட்டி அதன் கழுத்தைப் பிடித்தாள். ‘டக்’கென்றது.

ஒரு வீட்டுக்கு ஒரு படம். இரண்டாவது எடுக்க அவருக்கு உத்தரவு இல்லை. அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

ஆறு வாரம் கழித்துக் குழாயடியில் மேஜை போட்டார்கள். ஆபீசர் மாட்டுங்காத் தமிழர். வெற்றிலை போட்ட வாய், வெள்ளைச் சட்டை, சத்தம் போடாத மனிதர். அன்று காலையில் அம்மா எனக்குச் சடை பின்னும்போதே சொல்லிவிட்டாள். “யாரு கேட்டாலும் நாம நாலு பேரு. அத்தை விருந்தாளி. என்ன?”

எங்கள் முறை வந்தது. ஆபீசர் அட்டையை எடுத்துப் பார்த்தார், சிரித்துவிட்டார். “ஏம்ப்பா, நாய்க்குன்னா பாஸ் குடுத்திருக்கா!”

நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் செவலை கறுப்பாகிப் போயிருந்தது. அதன் கண்ணில் ஜன்னல் மாதிரி ஒரு வெளிச்சம். மீசை மயிர், மூக்கில் ஒட்டிய தூசி, மடங்கிய காதின் ஓரத்துக் காயம் எல்லாம் கத்தி முனை மாதிரி. பின்னால் நாங்கள் நாலு பேரும் புகை. அப்பா ஒரு தூண், அம்மா ஒரு மூட்டை, நான் ரெண்டு சடை. யாருக்கும் கண் மூக்கு இல்லை. ஆனால் நாயின் கழுத்தில், படத்தின் ஓரத்திலிருந்து நீண்டு வந்த ஒரு கை இருந்தது. நகத்தில் காய்ந்த பசை தெரிந்தது. நரம்பு தெரிந்தது. மணிக்கட்டில் தேள், கொடுக்கு வரைக்கும் தெரிந்தது. அந்தப் படத்தில் தெளிவாக விழுந்த ஒரே மனுஷ அங்கம் அதுதான்.

“நாலு பேர்னு எழுதிண்டிருக்கேன். இதென்ன, அஞ்சாவதா ஒரு கை? இது யாரோடது?” என்றார் ஆபீசர்.

“அது… பக்கத்துக் கோலிக்காரம்மா சார். நாயைப் பிடிக்க வந்தாவ” என்றார் அப்பா.

ஆபீசர் பேனா மூடியைத் திறந்தார். “இதோ பாரு. ஆத்துல ஆள் உண்டுன்னா இப்பவே சொல்லிடு, பேரைச் சேத்துடறேன். நான் இங்கேருந்து எழுந்து போயிட்டா அப்புறம் யார் காலப் பிடிச்சாலும் நடக்காது.”

பேனா முனை அட்டைக்கு மேலே, அரை விரல் உயரத்தில் நின்றது. அத்தை அப்போதுதான் ஆபீசருக்குத் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள். அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதும் அப்பாதான். அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னதை, அதே நாலு பேர் முன்னால் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய் வராது. அதனால்தான் அவள் என்னைக் காட்டினாள். சடை பின்னிவிட்ட பிள்ளை, பசை உரித்த பிள்ளை. அவளுக்கு அந்த மேஜைக்கு முன்னால் இருந்த ஒரே ஆள் நான்.

நான் சொன்ன வார்த்தையால் வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விடுவதற்குள் அத்தை அம்பர்நாத் போனாள். கதவைத் திறந்தது அந்த இன்னொருத்தி. அங்கிருந்து எங்களிடம் திரும்பவில்லை. ஆண்டாப் ஹில்லில் ஒரு வீட்டில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் சேர்ந்து, அவர்கள் அடுக்களையிலேயே படுத்துக் காலத்தைக் கழித்தாள். எப்போதாவது வருவாள், வந்தால் வாசலிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். செவலையை அந்த வருஷமே நாய் வண்டி கொண்டுபோயிற்று. பாஸ் இருந்தும் போயிற்று.

பல வருஷம் கழித்து எங்கள் சந்தை இடித்துக் கட்டிடம் எழுப்பினார்கள். அந்த அட்டையைக் காட்டித்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஒருவர் முகமும் தெரியாத அட்டைக்கு வீடு கொடுத்தார்கள். அதை விற்றுத்தான் இந்த வாஷி வீடு. அப்போது அப்பா, வயதான காலத்தில், தங்கச்சியின் பேரைச் சேர்க்க ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். கேட்ட இடத்திலெல்லாம், “அந்தம்மா அந்தக் காலத்தில் உங்களோடு இருந்ததற்கு என்ன சாட்சி?” என்றார்கள். அப்பா போட்டோவில் இருந்த கையைக் காட்டினார். “கை யாருடையதாகவும் இருக்கலாம் பெரியவரே” என்றார்கள். அன்று வந்து அப்பா சாப்பிடவில்லை. அத்தை செத்தபோது அவள் பேர் எழுதிய காகிதம் என்று ஒன்றுகூட எடுத்துக் காட்ட எங்களிடம் இல்லை.

அப்பாவுக்குப் பயந்து சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடரியில் கை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கை அழுத்தவே இல்லை. சும்மாதான் கிடந்தது. இன்று நினைத்தால், அழுத்தத்தான் அவருக்கும் மனசு வரவில்லையோ என்னவோ. அத்தை என்னைப் பார்த்த அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது மாளா. என் ஸ்லேட்டு, என் வளையல் துண்டு, நனையாத பலகை. அத்தை போய்விட்டால் அது எனக்குத்தான். அன்று ராத்திரி எனக்கு அது கிடைக்கவும் செய்தது. அத்தை தானாகவே இறங்கிக் கீழே படுத்துக்கொண்டாள். மேலே பலகை முழுக்கச் சொல்யூஷன் வாசம்.

இதை மகளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் இதை எழுத முடிகிறது.

“சொல்லும்மா கொழந்த” என்றார் ஆபீசர். “இது யார் கை?”

நான் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் போட்டோவைப் பார்த்தேன். “பக்கத்து வீட்டு அக்கா” என்றேன்.

ஆபீசர் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். அவர் கண் அப்பாவிடம் போயிற்று, பிறகு டம்ளர் நீட்டிக்கொண்டு நின்றவளின் பக்கம் திரும்பியது. அத்தை டம்ளரை மெல்ல இடது கைக்கு மாற்றினாள். வலது கையை மணிக்கட்டுக்கு மேல்வரை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். இடது கையால் தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, “நாந்தான் சொன்னேம்லா சார், பிள்ளை பொய் சொல்லாதுன்னு” என்று சொல்லி, என் முன்சடையைத் தோளுக்குப் பின்னால் எடுத்துப் போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய் வரிசையில் போய் நின்றாள்.